ஒற்றைக் குலவை

திருநகர்
22.12.2024

தங்கப்பொண்ணு,

நலமா என்று விசாரிக்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் ரேடியோவில் கேட்ட குலவை உன்னுடையதுதானே?

இல்லை என்று சாதிக்காதே. டெலிபோன் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் உன் பக்கத்து நாற்காலியில் நான்கு வருடம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவள் நான். எதிர்முனையில் ஆள் செருமினாலே யார் என்று சொல்லிவிடுவோமே, அந்தக் காது இன்னும் கெட்டுப்போகவில்லை. நம்மை உருட்டி மிரட்டிய சூப்பர்வைசர் ரெங்கம்மாள் அக்காவைப் பிடித்து உன் விலாசம் வாங்கினேன். "இப்பவாச்சும் ஒருத்திக்குப் புத்தி வந்துச்சே" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கிலிருந்து நேரடி ஒலிபரப்பு என்றார்கள். ஜெர்மன்காரர் ஒருவர் காது கேட்காமல் போன பிறகு எழுதிய சிம்பொனியாம். நம் மதுரை ஆட்கள் நூறு பேர் சேர்ந்து பாடப்போகிறார்களாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் வாத்தியம்தான். என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் பொறுக்கமாட்டாமல், "நூறு பேரக் கூட்டியாந்து சும்மாவா நிப்பாட்டி வச்சிருக்காக?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகப் பார்த்தார். அப்போதுதான் குரல்கள் வந்தன. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவரும் உட்கார்ந்துவிட்டார், தங்கம். மெதுவாக ஏறி, இன்னும் ஏறி, இதற்கு மேல் இடமில்லை என்கிற உச்சியில் போய் நின்றார்கள். சட்டென்று எல்லாம் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டதோ என்று அவர் ரேடியோவைத் தட்டக் கையை நீட்டினார்.

அந்த அமைதியில் ஒரே ஒரு குலவை. நீளமாக, பிசிறில்லாமல். யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எடுக்கவில்லை. என் வாய் தானாக எடுத்துவிட்டது. அரிவாள்மணையோடு உட்கார்ந்து நான் போட்ட சத்தத்தில் மருமகள் திவ்யா படுக்கையறையிலிருந்து ஓடி வந்தாள். "எங்கிட்டு வலிக்குது அத்த?" என்கிறாள். என் குலவையின் லட்சணம் அப்படி.

ஆஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நீ எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஒருத்தி போட்டா பக்கத்துல நிக்கிறவ எடுக்கணும்டி. ஒத்தக் குலவைய விடப்படாது" என்பாய். உன் கூட வேலை பார்த்த யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் ஓய்வறையில் நீதான் தொடங்குவாய். ஒரு தடவை கதவு திறந்து கிடந்து, அது லைனில் போய், டெல்லி ஆபரேட்டர் அங்கே என்ன தீ விபத்தா என்று பதறிக் கேட்டாள். ரெங்கம்மாள் அக்கா உனக்கு மெமோ எழுதிவிட்டு, தானும் திரும்பி நின்று சிரித்தார். நேற்று ராத்திரியெல்லாம் அதையே நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நீதானா? ஒரே ஒரு வரி எழுது, போதும்.

ஜெயக்கொடி


அவனியாபுரம்
30.12.2024

ஜெயக்கொடி அவர்களுக்கு,

ஆமாம், நான்தான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் கார்டு வாங்கினேன். எழுத உட்கார்ந்தால் கை நிற்கவில்லை. இப்போது தாளில் எழுதுகிறேன்.

மேடையில் நின்ற நூறு பேரில் ஒருத்தி என் மகள் முத்துமீனா. அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள், அங்கேயே வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவள் அப்பா சோணைமுத்து அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். ஒற்றை ஆளாக வளர்த்தேன். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் அந்தப் பாட்டுத்தான். ஜெர்மன் வார்த்தைகளைத் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்து, தோசை சுட்டுக்கொண்டே பாடுவாள். பாதி எனக்கே பாடமாகிவிட்டது. அர்த்தம் கேட்டேன். மனிதர்கள் எல்லாரும் கூடப்பிறந்தவர்கள் என்று வருகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். அந்த உச்சியில் அவள் கழுத்து நரம்பு புடைத்துப் பாடியதைப் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் நிறுத்தினார்கள். பெற்றவளுக்கு அந்த இடத்தில் வேறு என்ன வரும்? நமக்கு அது குலவை போடுகிற இடம். தாலி ஏறுகிறபோதும் பொங்கல் பொங்குகிறபோதும் ஒரு நொடி எல்லாம் நிற்குமே, அந்த மாதிரி. நான் வேண்டுமென்று போடவில்லை. முடிந்த பிறகுதான் அரங்கமே என்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. குச்சியைத் தூக்கிப் பிடித்துப் பாட்டை நடத்திய சித்தார்த் என்கிற அந்தப் பையன் மட்டும் திரும்பவில்லை. என் குலவை அடங்கும்வரை கையை இறக்காமல் நின்று, அப்புறம்தான் அடுத்ததைத் தொடங்கினான்.

நிகழ்ச்சி முடிந்து, அவளுக்கு வெந்நீர் ஃப்ளாஸ்கோடு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். உள்ளே யாரோ சிரித்துக்கொண்டே, "யாரோட வீட்டு ஆளுங்க அது?" என்று கேட்டார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீனா குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். நான் வாசலிலேயே திரும்பிவிட்டேன்.

காரில் வரும்போது, "ஏம்மா, ஒரு எடத்துலயாச்சும் சும்மா இருக்க மாட்டியா?" என்றாள். என்னை இறக்கிவிட்டுப் போனவள்தான். இன்னும் போன் வரவில்லை.

மீனா குனிந்தாளே, அந்தத் தலைகுனிவு எனக்குப் புதிதில்லை. முதலில் பார்த்தது உன் கல்யாணத்தில். உசிலம்பட்டிக்கு நான் மட்டும் பஸ் ஏறி வந்தேன். தாலி ஏறியதும் குலவை போட்டேன். யாரும் எடுக்கவில்லை. உன் பெரியப்பா வந்து ஊரைக் கேட்டார், சொன்னேன். தெருவைக் கேட்டார், சொன்னேன். அதற்கப்புறம் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, பந்திக்கும் கூப்பிடவில்லை. நீ மணவறையிலிருந்து பார்த்தாய். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாய். பசியோடு பஸ் ஏறினேன்.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் வந்தேன். யாரோ பதிந்து அனுப்பிய அந்தக் குலவையை டிரைவர் செல்போனில் போட்டுக் காட்டினான். ஏழு பேரும் சிரித்தார்கள். என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

இனி நான் குலவை போடுவதாக இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

தங்கப்பொண்ணு


திருநகர்
6.1.2025

தங்கம்,

'ஜெயக்கொடி அவர்களுக்கு' என்று போட்டிருந்தாய். பென்ஷன் ஆபீஸிலிருந்து வந்த கடிதமோ என்று நினைத்தேன்.

இரண்டு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்தேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்துநாலு வயதுப் பிள்ளை, கழுத்தில் மாலையோடு, சுற்றி நாற்பது மீசைக்காரர்கள், என்ன செய்திருக்க முடியும் என்று உன்னிடம் சண்டை போட்டு ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதைப் படித்தேன். எழுந்து வந்து உன் கையைப் பிடித்திருக்கலாம், தாலி ஏறிய பிறகு என்னைக் கழற்றியா விட்டிருப்பார்கள்? கிழித்துப் போட்டுவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. எழுதினால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்கும் ஒரு குறை உண்டு. கல்யாணத்துக்கப்புறம் திருமங்கலம் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிக்கொண்டு போனேனா, அங்கிருந்து மதுரை லைனைக் கூப்பிட்டால் பாதி நாள் நீதான் எடுப்பாய். "நம்பர் ப்ளீஸ்" என்பாய். நம்பரைச் சொல்வேன். கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போய்விடுவாய். ஒரு நாள் மனசு கேட்காமல், "தங்கம், நான்தான்டி" என்றேன். அப்புறம் மறுபடி, "நம்பர் ப்ளீஸ்". வருடக்கணக்காக, தங்கம். என் மகன் பிறந்த செய்தியை ஊருக்குச் சொல்ல நீதான் லைன் போட்டுக் கொடுத்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயாவது என் கல்யாணத்தில் வாய் திறந்தாய், நான் அதுவும் செய்யவில்லை என்பது வேறு.

சரி, இதைக் கேள். ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை காலை நேயர் கடிதம் வாசிக்கிறார்களே, அதில் நேற்று முழுக்க உன் பேச்சுத்தான், பேர் தெரியாமல். திருப்பரங்குன்றத்தில் ஒருவர், நாகரிகம் தெரியாதவர்களை அரங்குக்குள் விடலாமா என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மேலூரிலிருந்து ஒருவர், சிம்பொனி எழுதியவர் நம் பக்கத்துக் குலவையை எப்போது கேட்டார், அந்த ஊருக்கும் நமக்கும் அந்தக் காலத்திலேயே போக்குவரத்து உண்டா என்று விளக்கம் கேட்டிருந்தார். அது பாட்டிலேயே சேர்ந்தது என்று நம்பியவர் அவர் ஒருவர் இல்லை, இன்னும் நான்கு பேர். அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அம்புட்டுப் பேரு பாடுனது எனக்குப் புரியல. அந்தக் கொலவ புரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் பாட்டும் புரிஞ்சுச்சு" என்று எழுதியிருந்தார்.

என் வீட்டுக்காரருக்கு நேற்றுத்தான் சொன்னேன், அது நீ என்று. கல்யாணத்துக்கு வந்த அந்தப் பிள்ளையா என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. அப்புறம் அவர் ரொம்ப நேரம் பேப்பரைத் திருப்பவே இல்லை.

உன் சபதத்தை உடைத்துப் போடு. பொங்கல் வருகிறது.

ஜெயா


அவனியாபுரம்
19.1.2025

ஜெயா,

மேலூர்க்காரர் கேட்டதாக நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அலங்காநல்லூர் அம்மா எழுதியதை ஒரு தடவைதான் படித்தேன்.

லைன் விஷயம். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றார் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படி யாரும் நிற்கவில்லை. கோபம்தான். உன் குரல் வந்தால் சந்தோஷமாக இருக்கும், அந்தச் சந்தோஷம் வந்ததாலேயே இன்னும் கோபம் வரும். உனக்கு மகன் பிறந்த அன்று லைனைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓய்வறைக்குப் போய்த் தனியாக ஒரு குலவை போட்டேன். எடுக்க யாரும் இல்லை. அது உனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

இங்கே பொங்கல் எப்படி என்று உனக்குத் தெரியுமே. விடிவதற்குள் வாடிவாசல் பக்கம் மைக் கத்த ஆரம்பித்துவிடும், தெருவில் நடக்க இடம் இருக்காது. முதல் நாளே மீனா வந்துவிடுவாள் என்று பனங்கிழங்கு வாங்கி வைத்தேன். வரவில்லை. எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்கும் சேர்த்து முற்றத்தில் பானை வைப்போம். பால் பொங்கி விளிம்புக்கு வந்ததும், பக்கத்து வீட்டு ராமக்காள் உள்பட எல்லாப் பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் நான்தான் தொடங்குவேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்து தணிந்தும் போனது. பிள்ளைகள் மட்டும் பொங்கலோ பொங்கல் என்றார்கள். "ஏக்கா, யாரும் எதுவும் சொன்னாகளா?" என்று ராமக்காள் கேட்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

மறுநாள் கூரியரில் ஒரு உறை வந்தது. பிப்ரவரி பதினாறாம் தேதி அதே சிம்பொனியை மறுபடி பாடுகிறார்களாம். நேயர்கள் எழுதிக் குவித்ததால் அதையும் ரேடியோவில் போடுகிறார்களாம். ஒரு பாஸ். அதில் 'நிகழ்ச்சி முழுவதும் அமைதி காக்கவும்' என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். போன தடவை அது கிடையாது. பின்னால் மீனா கையெழுத்தில், "வாம்மா. ஆனா இந்தத் தடவ சத்தம் மட்டும் வேணாம்."

வா என்று எழுதியிருக்கிறாளே என்று ஒரு மனம் சொல்கிறது. வாயை வீட்டில் வைத்துவிட்டு வா என்றால் நான் எப்படிப் போவது? அந்த இடம் வரும்போது என்னை நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் மேடையிலிருந்து பார்க்க வேண்டாம். நான் போகவில்லை.

பாஸ் வீணாகக் கூடாது. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ போய்க் கேள், என் மகளைப் பார். இடது பக்கம், இரண்டாவது வரிசை, மூக்கு என்னுடையது. உன்னை அனுப்புவதில் ஒரு நிம்மதி, நீ வாய் திறக்க மாட்டாய்.

தங்கம்


திருநகர்
28.1.2025

தங்கம்,

பாஸ் வந்தது. கடைசி வரியும் வந்தது. நன்றாகச் சுட்டது, சுடட்டும்.

போகிறேன். ஒரே பாஸ் என்பதால் வீட்டுக்காரர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்பாராம். எந்தச் சேலை கட்டுவது என்று திவ்யா என்னைவிட அதிகம் கவலைப்படுகிறாள்.

அன்றைக்கு ரேடியோவை அணைத்துவிடாதே. இது மட்டும் எனக்காக.

இங்கே பனி அதிகம். தொண்டை கரகரக்கிறது என்று தினம் சுக்குக் கஷாயம் குடிக்கிறேன்.

ஜெயா


அவனியாபுரம்
17.2.2025

அடியே ஜெயா,

நேற்றுச் சாயங்காலம் ரேடியோவில் கேட்ட குலவை உன்னுடையதுதானே?

இல்லை என்று நீயும் சாதிக்க முடியாது. அவ்வளவு மோசமான குலவையை இந்த ஜில்லாவில் வேறு யாராலும் போட முடியாது. உலைமூடி தடதடக்கிற மாதிரி. தொடங்கினாய், நடுவில் மூச்சு வாங்கினாய், மறுபடி தொடங்கினாய். யார் அப்படித் திரும்பத் தொடங்குவார்கள்?

ரேடியோவை அணைக்கத்தான் நினைத்தேன். எனக்காக என்று எழுதியிருந்தாயே, அதனால் விட்டுவைத்தேன். பாட்டு ஏற ஏற நானும் ரேடியோவுக்குப் பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன். உச்சிக்குப் போனார்கள். நிறுத்தினார்கள். போன தடவையைவிட இந்தத் தடவை அந்த அமைதி நீளம். சித்தார்த் வேண்டுமென்றே பிடித்து வைத்தானோ என்னவோ. இந்தத் தடவை யாரும் கெடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ வந்தாய்.

கூட்டத்தில் யாரோ சிரித்தது ரேடியோவிலேயே கேட்டது. நீ விடவில்லை. நூறு பேர், அதற்கு மேல் வாத்தியக்காரர்கள், எதிரே ஒரு அரங்கம் நிறைய ஆட்கள், நடுவில் நீ மட்டும் தடுமாறிக்கொண்டு. யாரும் எடுக்கவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். எடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. உன் மூச்சு தீரப்போவது எனக்குக் கேட்டது, ஜெயா. ஒற்றைக் குலவையாகவே போகப்போகிறதே என்று ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மைக்குக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எடுத்தது. பிசிறில்லாமல். என்னுடையது மாதிரியே, ஆனால் என்னைவிட வயதில் சின்னது. அது எங்கே நின்று வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்கம், இரண்டாவது வரிசை.

அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர் எடுத்தார்கள். அப்புறம் அவனியாபுரத்திலும் ஒன்று கேட்டது. ராமக்காள் கரண்டியோடு ஓடி வந்து, "பொங்கல் முடிஞ்சு ஒரு மாசமாச்சேக்கா" என்றாள். கேட்டுவிட்டு அவளும் எடுத்தாள்.

இன்றைக்குக் காலையில் மீனா வந்தாள். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். அதே அறையில் அதே ஆள் மறுபடி, யார் வீட்டு ஆள் என்று கேட்டாராம். "இன்னைக்குப் போட்டவுக யாருன்னு தெரியல சார். போன தடவ போட்டது எங்க அம்மா" என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு என் மடியில் தலைவைத்து அழுதாள். நான் முடியைக் கோதிவிட்டேன்.

வெளியே வந்து உன்னைத் தேடிப்பிடித்து யார் என்று கேட்டாளாமே. "உங்கம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி" என்றாயாமே. சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாயாமே. அவள் கையில் இன்றைக்கும் உன் மஞ்சள் வாசனை இருப்பதாக எனக்குத் தோன்றியது. கிறுக்குத்தான்.

உன் பெரியப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகிறது, உன் வீட்டுக்காரர் டீக்கடையில் கேட்டிருப்பார். அவருக்கு என் வணக்கம். அடுத்த தடவை வரும்போது எனக்கு இலை போடச் சொல், முழுச் சாப்பாடு, பாயசத்தோடு.

ஆனால் அதற்கு முன்னால் உன் குலவையைச் சரிசெய்தாக வேண்டும். இந்த லட்சணத்தோடு மறுபடி ரேடியோவில் வந்தால் என் மானம் போய்விடும். நாக்கை எங்கே மடக்குவது, மூச்சை எங்கே பிடிப்பது என்பதையெல்லாம் கடிதத்தில் எழுத முடியாது, வாயால்தான் சொல்லித்தர வேண்டும். திருநகர் எத்தனை தூரம், வருவேன். அதுவரை பொறுக்க எனக்கு முடியாது.

உன் செல் நம்பரை அந்த ரெங்கம்மாள் அக்காவிடம் வாங்கிவிடலாம். எனக்கு உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நம்பர் ப்ளீஸ்.

தங்கம்